தோகாவில் பறிபோன வெள்ளி: ஓட்டக்காரி சாந்தி பயிற்றுநரான வரலாறு

2006 டிசம்பர் மாதம். கத்தார் நாட்டின் தோகா நகரில் 15-ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கான 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பஹ்ரைன் நாட்டுக்காக ஓடிய மரியம் யூசுப் ஜமால் முதலாவதாக வந்தார். இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டவர் இந்தியச் சீருடை அணிந்திருந்த, ஒல்லியான ஒரு தமிழ்ப்பெண். நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. பெயர் சாந்தி சௌந்தரராஜன். ஊர், தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள கத்தக்குறிச்சி.

ஆசியப் போட்டியில் பதக்கம் வென்ற முதல் தமிழ்ப்பெண் என்று அன்றைக்கு எழுதினார்கள். இங்கே ஒரு சிறு திருத்தம் தேவை. தமிழ்நாட்டுக்காரர்கள் கடல் கடந்த தமிழர்களை மறந்துவிடுவது புதிதல்ல. 1966 டிசம்பரில் பாங்காக்கில் நடந்த 5-ஆவது ஆசியப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கமே வென்றவர் நம் மலேசியாவின் எம். ராஜாமணி. அதே போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் என மூன்று தங்கங்களை அள்ளி வந்தவர் டாக்டர் எம். ஜெகதீசன். அந்த ஆண்டு நாட்டின் முதல் தேசிய விளையாட்டாளர் விருதுகள் இவர்கள் இருவருக்கும் வழங்கப்பட்டன. ஆகவே சாந்தியைத் தமிழ்நாட்டின் முதல் பெண் என்று சொல்வதே பொருந்தும். அதனால் அவருடைய பெருமை குறையப் போவதில்லை.

அந்தப் பெருமை சில நாள்களே நீடித்தது. பந்தயம் முடிந்த பிறகு சாந்திக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அதில் அவர் தேறவில்லை என்று அறிவித்துப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இனி ஓடக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. அப்போது அவருக்கு வயது 25.

ஓட்டக்காரியாக அவர் வரலாறு அத்துடன் முடிந்தது. பயிற்றுநராக அவர் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவர் எங்கிருந்து ஓடத் தொடங்கினார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாந்தி 1981 ஏப்ரல் 17 அன்று பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஐந்து பிள்ளைகளில் சாந்தி மூத்தவர். இருபது அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள குடிசை. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, குளியலறை இல்லை. தாயும் தந்தையும் வெளியூர்ச் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்தவளின் பொறுப்பு. விடியுமுன் பெரட்டுக்குப் போன பெற்றோருக்குப் பிள்ளையாக லயத்து வீட்டில் வளர்ந்து, தம்பிக்குச் சோறூட்டிவிட்டுத் தமிழ்ப்பள்ளிக்கு ஓடிய அக்காமார்களை தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் அறியாதவர் யார்? அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாத்தாதான் முதல் ஆசான். அவரே நல்ல ஓட்டக்காரர். குடிசைக்கு வெளியே இருந்த மண் தரையில், 13 வயதுப் பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு ஜோடிக் காலணியும் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டியில் ஒரு தகரக் கோப்பை பரிசாகக் கிடைத்தது. அடுத்தடுத்துப் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் பதின்மூன்று கோப்பைகள். பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் கண்ணில் பட்டார். கட்டணம், சீருடை, மதியத்தில் சூடான சாப்பாடு எல்லாவற்றையும் அந்தப் பள்ளி கொடுத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக மூன்று வேளையும் சாப்பிட்டது அப்போதுதான். ஊட்டச்சத்து இல்லாமல் வளர்ந்த உடம்பு அது. அந்த உடம்பைக் கொண்டுதான் ஆசியாவின் இரண்டாவது இடத்துக்கு அவர் ஓடி வந்தார்.

பள்ளி முடிந்ததும் புதுக்கோட்டையில் உள்ள கலைக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. பிறகு சென்னைக் கல்லூரிக்கு மாறினார். 2005 ஜூலையில் பெங்களூரில் நடந்த தேசிய அளவிலான போட்டியில் 800, 1500, 3000 மீட்டர் மூன்றிலும் அவரே முதல். அதே ஆண்டு தென்கொரியாவின் இன்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. தோகா வெள்ளி திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

800 மீட்டர் ஓட்டமே பெண்களுக்கு எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஒரு விநாடிகூட வித்தியாசமில்லாமல் இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் கினுயே ஹிதோமி. அவர் உண்மையில் குறுந்தூர ஓட்டக்காரர். 100 மீட்டரில் இறுதிக்குத் தகுதி பெறாமல் போகவே, வெறுங்கையோடு நாடு திரும்ப மனமில்லாமல் 800 மீட்டரில் இறங்கி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் ஆனார். மூன்றே ஆண்டுகளில், 24 வயதில், நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுத, இது பெண் உடலுக்கு ஆகாது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடியும் வந்தது 1960-இல், ரோம் நகரில். முப்பத்திரண்டு ஆண்டுகள்!

ஓட அனுமதித்த பிறகு, ஓடுகிறவள் பெண்தானா என்ற அடுத்த கேள்வி எழுந்தது. ராஜாமணி பாங்காக்கில் தங்கம் வென்ற அதே 1966-ஆம் ஆண்டில்தான் இந்தச் சோதனைகள் பெரிய போட்டிகளில் புகுந்தன. புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனையில் தேறியவர்களில் ஒருவர் போலந்தின் ஏவா குளோபுகோவ்ஸ்கா. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கமும் 100 மீட்டரில் வெண்கலமும் பெற்றவர். அடுத்த ஆண்டு கீவ் நகரில் குரோமோசோம் சோதனை என்ற புது முறை வந்தது. போன ஆண்டு பெண் என்று தேறிய அதே ஆள், இந்த ஆண்டு தேறவில்லை! ஆள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்தினெஸ் பதினோவுக்கும் இதே கதி. செய்தி வெளியே கசிந்து, உதவித்தொகை போய், பதக்கங்கள் போய், பட்டப்பாடு கொஞ்சமல்ல. ஆனால் அவர் விடவில்லை. வழக்காடி 1988-இல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேர் தேறவில்லை. மேலும் ஆராய்ந்துவிட்டு எட்டுப் பேரையுமே ஓட விட்டார்கள். இந்தச் சோதனையால் யாரையும் நியாயமாகப் பிரித்தறிய முடியவில்லை என்று கண்டுகொண்டு, 1999-இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. சந்தேகம் எழுந்தால் தனி ஒருவரைச் சோதிக்கலாம் என்ற வழி மட்டும் திறந்தே கிடந்தது. அந்த வழியாகத்தான் 2006-இல் சாந்தி உள்ளே இழுக்கப்பட்டார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடுவது நல்லது. ஊக்கமருந்து வேறு, இது வேறு. அதே தோகாவில் 2019 ஏப்ரலில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், அதே 800 மீட்டரில், திருச்சி வட்டாரத்துக் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வென்றார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கம் பறிக்கப்பட்டு, நான்காண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. ஊரும் ஓட்டமும் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சாந்தி எந்த மருந்தும் எடுத்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். பிறவியை எப்படிக் குற்றமாக்க முடியும்?

சோதனை நடத்திய முறையாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. என்ன சோதனை என்று தமக்கு விளக்கப்படவில்லை என்றும், முடிவு எழுத்தில் கையில் தரப்படவில்லை என்றும் சாந்தி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவச் செய்தியை அவளுக்குச் சொல்லுமுன் தொலைக்காட்சிக்குச் சொல்லிவிட்டார்கள். கிராமத்தில் அவர் முகத்தை எப்படிக் காட்டுவார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதி ஒரு காரியம் செய்தார். பதக்கம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், அறிவித்தபடி 15 லட்சம் ரூபாயையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் சாந்திக்கு வழங்கினார். அரசியலில் அவரைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இது பெருந்தன்மையான செயல். அந்தப் பணத்தைத் தம்மிடம் ஓடப் பழகிய பிள்ளைகளுக்காக சாந்தி செலவிட்டார் என்பது அதைவிடப் பெரிய செய்தி.

ஆனால் மனக்காயம் பணத்தால் ஆறுவதில்லையே. 2007 செப்டம்பரில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டார்.

அதிலிருந்து எழுந்து வந்தவர் போன இடம் மறுபடியும் ஓட்டத் திடல்தான். புதுக்கோட்டையில் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 2009 வாக்கில் அவரிடம் 68 மாணவர்கள் இருந்தனர். சென்னை மாரத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் அவருடைய மாணவர்களுக்குக் கிடைத்தன. தாம் ஓடக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒருவர், பிறரை ஓட வைத்து முதலிடத்துக்குக் கொண்டுவந்தார் என்றால், அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

800 மீட்டர் பயிற்சி என்பது சும்மா ஓடச் சொல்வதல்ல. திடலை இரண்டு சுற்று. முதல் வளைவு வரை அவரவர் தடத்தில் ஓடி, பிறகு எல்லாரும் உள்தடத்துக்கு இறங்கும்போது முட்டலும் மோதலும் இருக்கும். முதல் சுற்றில் வேகத்தைக் கொட்டிவிட்டால் கடைசி 150 மீட்டரில் கால் கல்லாகிவிடும்; அடக்கி வைத்தால் முன்னே போனவரைப் பிடிக்க முடியாது. குறுந்தூரக்காரரின் வேகமும் நெடுந்தூரக்காரரின் மூச்சும் ஒரே உடம்பில் சேர வேண்டும். இதைப் புத்தகம் படித்துச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டாம் சுற்றின் வேதனையை அனுபவித்தவர் சொல்லிக்கொடுப்பது வேறு. அதோடு கிராமத்துப் பயிற்றுநருக்கு இன்னொரு வேலையும் உண்டு: வருகிற பிள்ளை பசியாறிவிட்டு வந்ததா என்று பார்ப்பது. வெறும் வயிற்றோடு ஓடிப் பழகிய சாந்திக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் அவருடைய வேலை தற்காலிகமாகவே இருந்தது. நிரந்தரமாக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார், நடக்கவில்லை. வருமானம் போதாமல் வேலையை விட்டார். 2012-இல் இந்தியப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ஆசியப் போட்டியில் இரண்டாவதாக ஓடிய சாந்தி, தம் பெற்றோரைப் போலவே, நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார்!

இந்த இடத்தில் பக்கத்து மாநிலத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. கேரளாவின் பி. டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தவர். அவரை உருவாக்கிய ஓ. எம். நம்பியாருக்கு 1985-இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. உஷாவும் ஓய்வுக்குப் பிறகு பயிற்றுநரானார். 2002-இல் உஷா தடகளப் பள்ளி தொடங்கியது. மாநில அரசு கினாலூரில் நிலம் கொடுத்தது. அங்கே வளர்ந்த தின்டு லூக்கா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி இந்தியச் சாதனை படைத்தார். உஷாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டக்காரி பயிற்றுநராக வேண்டுமென்றால் திடல் வேண்டும், தங்குமிடம் வேண்டும், ஆதரிக்கும் அரசு வேண்டும். ஒருவருக்கு அவை வந்து சேர்ந்தன. மற்றவருக்குச் சூளை காத்திருந்தது. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமை மட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சூளைச் செய்தி பரவியதும் பல தரப்பிலிருந்து குரல் எழுந்தது. 2013-இல் பெங்களூரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் சாந்தி சேர்ந்தார், 2014-இல் முடித்தார். இந்தியாவில் அரசுப் பயிற்றுநர் வேலைக்கு இந்தப் பட்டயம்தான் சாவி. எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும், எத்தனை பேரை ஓட வைத்திருந்தாலும், காகிதம் இல்லாவிட்டால் தற்காலிகம்தான். முப்பது வயதைக் கடந்த பிறகு, உடற்கூறும் உணவியலும் பயிற்சி முறைகளும் படித்துத் தேர்வெழுதி அந்தக் காகிதத்தையும் அவர் வாங்கினார்.

அப்போதும் கதவு உடனே திறக்கவில்லை. மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் போன்ற ஆர்வலர்கள் அவர் பக்கம் நின்றார்கள். தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் வரை முறையீடு போனது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. 2016-இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநராக அவர் நியமிக்கப்பட்டார். தோகா ஓட்டம் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கிடையே உலகம் கொஞ்சம் மாறியிருந்தது. 2009-இல் பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்றபோது அதே சோதனை, அதே கசிவு, அதே அவமானம். ஆனால் தென்னாப்பிரிக்க அரசும் மக்களும் அவர் பின்னால் சுவர்போல் நின்றார்கள். பதக்கம் அவரிடமே இருந்தது. 2010-இல் மறுபடியும் ஓட வந்தார். 2014-இல் ஒடிசாவின் குறுந்தூர ஓட்டக்காரர் டூட்டி சந்த் இதே காரணத்தால் காமன்வெல்த் போட்டிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். இம்முறை இந்திய அதிகாரிகளும் துணை நிற்க, அவர் சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த மன்றம் விதியையே நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் டூட்டி 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார். சாந்திக்கு 2006-இல் ஒரு வழக்கறிஞர் துணை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்றுகூட அன்றைக்கு அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

வாதம் இன்னும் ஓயவில்லை. பெண்கள் பிரிவு பெண்களுக்கு நியாயமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் வீராங்கனைகளின் குரலையும் தள்ளிவிட முடியாது; அதுவும் உழைத்து ஓடுகிறவர்களின் குரல்தான். 2018-இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையுள்ள ஓட்டங்களுக்குப் புது விதி வந்தது. 2023-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமென்யாவின் வழக்கு நேர்மையாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல், உலகத் தரப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகளச் சம்மேளனம் விதித்தது. அந்த மாதம் தோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் அது நடைமுறைக்கு வந்தது. 1999-இல் கைவிட்டதை வேறு பெயரில் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு வேறுபாடு: இப்போது போட்டிக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஓடவிட்டு, பதக்கம் அணிவித்து, பிறகு பறிப்பதில்லை.

பறிபோன வெள்ளியைத் திரும்பத் தர வேண்டும் என்று சாந்தி பலமுறை கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. தோகா 2006 முடிவுப் பட்டியலில், பெண்கள் 800 மீட்டரில், இரண்டாம் இடத்தில் இன்றைக்கும் இருப்பது அவருக்குப் பின்னால் ஓடி வந்த கஸக்ஸ்தான் வீராங்கனையின் பெயர்தான்.